பிஎஸ்5 வாங்கினால் பழைய டிஸ்க் எல்லாம் பரணுக்குத்தானா?

திங்கள்சந்தை தம்பி

எல்லோருக்கும் வணக்கம். ஓணத்துக்குள் பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின், எடுத்துவிட வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் விசாரித்தபோது, கடைக்காரர் டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடலைத் தலையில் கட்டப் பார்த்தார். "டிஸ்க் எல்லாம் முடிஞ்சுபோன கதை தம்பி. பத்தாயிரத்தை மிச்சம் பண்ணி நாலு கேம் வாங்குங்க" என்றார்.

என்னிடம் பிஎஸ்4 இருக்கிறது. ஒரு அலமாரித் தட்டு நிறைய டிஸ்க். பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. அது போக, பெரியப்பா மகன் துபாய் போகும்போது விட்டுவிட்டுப் போன பிஎஸ்2 ஒன்றும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அதன் டிஸ்க்குகளும் பரணில் கிடக்கின்றன. சின்ன வயதில் அவன் விளையாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவை. பாதியை நான் தொட்டதுகூட இல்லை.

பழைய மெஷினின் கேமைப் புது மெஷின் ஓட்டுவதை பேக்வர்ட் கம்பாட்டிபிளிட்டி என்கிறார்களே, அது பிஎஸ்5-இல் எவ்வளவு தூரம் போகும்? அதற்காகப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சால்டரிங் கம்பி

தம்பி, டிஜிட்டல் எடுக்காதீர்கள்.

ஸ்லிம் மாடல் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990, டிஜிட்டல் 44,990. மிச்சமாகும் பத்தாயிரத்துக்கு நாலு கேம் கிடைக்கும் கடை எது என்று அந்த அண்ணாச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள், நானும் போகிறேன். சோனியின் சொந்த பிஎஸ்5 கேம் புதிதாக வந்தால் அப்போது 4,999. இரண்டு வாங்கினால் காசு காலி. அந்த இரண்டையும் விளையாடி முடித்த பிறகு யாருக்கும் விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

பிஎஸ்4 டிஸ்க் விஷயத்துக்கு வருவோம். பிஎஸ்5 வந்த 2020-இல், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிஎஸ்4 கேம்களில் ஓடாதவை என்று சோனி கொடுத்த பட்டியலில் இருந்தவை வெறும் 10. அவற்றில் ஒன்று கூட என் மேஜைக்கு வந்ததில்லை. உங்கள் அலமாரியில் இருப்பதெல்லாம் ஓடும் என்று தைரியமாக இருங்கள். சிலவற்றுக்கு பிஎஸ்5 வெர்ஷனே இலவசமாகக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த பிஎஸ்4 டிஸ்க் டிரைவுக்குள் இருந்தே ஆக வேண்டும். டிஜிட்டல் மாடல் வாங்கினால், தனியாக டிரைவ் வாங்கி மாட்டாதவரை, டிஸ்க்கை வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

விளையாடிய வரை சேமித்து வைத்த சேவ் ஃபைலை பிஎஸ்4-இலிருந்து பென் டிரைவில் எடுத்து பிஎஸ்5-இல் ஏற்றலாம். பிஎஸ்4 கேம்களைப் பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்து ஓட்டலாம், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி இடத்தை அடைக்க வேண்டியதில்லை. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிஸ்கட் டப்பா விஷயம் வேறு. பிறகு எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்கள்.

கேப்ரோடு கேமர்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அம்பதாயிரம் கொடுத்துப் புது மெஷின் வாங்குவது புது கேம் ஆடுவதற்கு. பழைய கேம் ஆட வேண்டும் என்றால் பழைய மெஷின்தான் வீட்டில் இருக்கிறதே, அதை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? எல்லோரும் "பழசு ஓடணும், பழசு ஓடணும்" என்பார்கள். வாங்கி வந்த முதல் வாரம் ஒரு பழைய டிஸ்க்கைப் போட்டு "அட, ஓடுதே" என்று பார்ப்பார்கள். அதோடு சரி.

சும்மா சொல்லவில்லை. 2017-இல் ஆர்ஸ் டெக்னிகா என்ற இணையதளம், மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷின் வைத்திருப்பவர்கள் எதில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. அதற்கு முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360-இன் பழைய கேம்களுக்குப் போன நேரம் சுமார் 1.5 சதவீதம். நூறு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம். அதற்காகப் பத்தாயிரமா?

குளச்சல் காத்து

அந்த ஒன்றரை சதவீதக் கணக்கு வந்ததுமே, எக்ஸ்பாக்ஸ் ஒன் வாங்கினவர்களில் பாதிப் பேர் பழைய கேமை ஆடியிருக்கிறார்கள் என்று மைக்ரோசாப்ட் பதில் சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். நிறையப் பேர் தொடுவார்கள், கொஞ்ச நேரம் ஆடுவார்கள்.

ஆனால் அது அமெரிக்காக்காரன் வீட்டுக் கணக்கு. அங்கே பழைய மெஷின் பழைய மெஷினாகவே ஒரு மூலையில் இருக்கும். நம்ம ஊரில் அப்படியா? என் பிஎஸ்3 சவுதியிலிருந்து மாமா கொண்டுவந்தது. மாமா மகன் ஆடி, அவன் இன்ஜினியரிங் சேர்ந்ததும் எனக்கு வந்தது. நான் பிஎஸ்4 வாங்கியதும் அது கருங்கலில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டது. "பழைய மெஷின்தான் வீட்டில் இருக்கிறதே" என்கிறீர்கள், அது எப்படி இருக்கும்? புதுசு வாங்கும் காசில் ஒரு பங்கு பழசை விற்றுத்தான் வருகிறது. மெஷின் போனால் டிஸ்க்கும் கூடவே போக வேண்டும், அல்லது சும்மா கிடக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மீன்பிடித் தொழில். வள்ளத்துக்குப் புது அவுட்போர்டு எஞ்சின் எடுக்கும்போது அப்பா கேட்கும் முதல் கேள்வி "பழைய வள்ளத்துல மாட்டுமா?" என்பதுதான். மாட்டாது என்றால் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பேச்சே கிடையாது. எஞ்சினோடு சேர்த்து வள்ளமும் புதிதாக வாங்க யாரிடம் காசு இருக்கிறது?

மார்த்தாண்டம் பாலம்

மக்கா இவ்வளவு பேசுறீங்களே, பிஎஸ்2-வில் ஆடின ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் டிஸ்க் ஓடுமா ஓடாதா, அதைச் சொல்லுங்க முதல்ல.

சால்டரிங் கம்பி

ஓடாது. பிஎஸ்2 டிஸ்க் எதுவுமே பிஎஸ்5-இல் ஓடாது. பிஎஸ்3 டிஸ்க்கும் ஓடாது. பிஎஸ்5 பின்னால் போவது ஒரே ஒரு தலைமுறை. கேட்பவர்களுக்கெல்லாம் "அது அப்படித்தான்" என்று சொல்லி அலுத்துவிட்டது, அதனால் காரணத்தை ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன்.

2000-இல் வந்த பிஎஸ்2 பிஎஸ்1 டிஸ்க்கை ஓட்டியது. எப்படி? பிஎஸ்1-இன் மூளையாக இருந்த சிப்பை அப்படியே பிஎஸ்2 போர்டில் உட்கார வைத்தார்கள். பிஎஸ்2 கேம் ஓடும்போது அது கன்ட்ரோலர், மெமரி கார்டு, சத்தம் போன்ற எடுபிடி வேலை பார்க்கும். பிஎஸ்1 டிஸ்க் போட்டால் அதுவே முதலாளி. சம்பளத்துக்கு வேலையும் பார்த்து, பழைய வேலையையும் விடாத ஆள். செலவும் குறைவு. அந்த மெஷின் 16 கோடி விற்றது.

2006-இல் பிஎஸ்3 வந்தது. அதற்குள் செல் என்று ஒரு சிப். ஒரு முக்கிய கோர், அதைச் சுற்றி எட்டுச் சின்ன கோர்கள், அதில் ஏழு மட்டும் வேலை செய்யும், கேமுக்குக் கிடைப்பது ஆறு. பிஎஸ்2-வுக்கும் இதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அதனால் ஜப்பான், அமெரிக்காவில் வந்த முதல் மாடல்களில் பிஎஸ்2-இன் இரண்டு முக்கியச் சிப்களையும் போர்டிலேயே வைத்தார்கள். ஆனால் 60 ஜிபி மாடல் விலை 599 டாலர், வாங்க ஆள் தயங்கினார்கள். செலவைக் குறைக்க வேண்டும், எதை வெட்டுவது? 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்குப் போன மாடலில் ஒரு சிப்பை எடுத்துவிட்டு மென்பொருளை வைத்துச் சமாளித்தார்கள். அதே ஆண்டுக் கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் மிச்சமும் போய்விட்டது. பிஎஸ்1 டிஸ்க் மட்டும் எல்லா பிஎஸ்3-யிலும் ஓடும்.

2013-இல் பிஎஸ்4. கம்ப்யூட்டரில் இருக்கும் வகை ஏஎம்டி சிப்புக்கு மாறினார்கள். கேம் எழுதுகிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் செல் சிப்புக்காக எழுதியதை இதில் ஓட்ட முடியவில்லை. பிஎஸ்5-உம் அதே ஏஎம்டி வம்சம். பிஎஸ்4 கேம் உள்ளே வந்தால் கிராபிக்ஸ் சிப் பழையபடியே நடந்துகொள்ள ஒரு வழி சிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே வரை சுகமாகப் போகிறது, அதற்கு முன்னால் சுவர்.

பிஎஸ்3 கேமை இன்டர்நெட் வழியாக ஓட்டலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். அது சோனியின் சந்தாத் திட்டமான பிஎஸ் பிளஸ் பிரீமியம். 2022-இல் இந்தியாவுக்குக் கொடுத்தது டீலக்ஸ். அதில் அப்படி இன்டர்நெட் வழியாக ஓட்டும் கிளவுட் ஸ்ட்ரீமிங் இல்லை.

தம்பி, இப்போது அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்து, டிஸ்க்கின் அடிப்பக்கம் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய கேசட்

எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, தம்பிமார் பேசுவதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. உலகத்திலேயே பேக்வர்ட் கம்பாட்டிபிளிட்டியை ஒழுங்காகக் கொடுத்தவன் யார் தெரியுமா? டூப்ளிகேட் டிவி கேம் செய்தவன்தான்.

தொண்ணூறுகளில் கோட்டாறு பக்கம் வாங்கிய மஞ்சள் கேசட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அந்த மெஷினெல்லாம் நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் காப்பி. கேசட்டுக்கு அடியில் 60 பல். அதற்குப் பிறகு அந்த டிவி கேம் எத்தனையோ வேஷம் போட்டு வந்துவிட்டது. ஒரு சமயம் பிளேஸ்டேஷன் மாதிரியே வெளித்தோற்றம், இன்னொரு சமயம் கீபோர்டு வடிவம், பெட்டி மேல் எந்தப் படத்தையோ ஒட்டியிருப்பான். உள்ளே மட்டும் அதே சர்க்யூட், இப்போது ஒரே சிப்பாகச் சுருங்கிவிட்டது. மேலே கேசட் போடும் இடம் இருந்தால் என் மஞ்சள் கேசட் அதில் ஓடும். போன திருவிழாவில் வாங்கியதில் போட்டுப் பார்த்தேன். பல்லை அழிரப்பரால் தேய்த்துவிட்டுப் போட்டேன், முதல் தடவையே படம் வந்தது. மகன் வாயைப் பிளந்துவிட்டான்.

அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு இந்தத் துப்பு இல்லை.

மார்த்தாண்டம் பாலம்

அண்ணே அந்த 9999 இன் 1 கேசட்டில் உண்மையில் எத்தனை கேம் இருந்தது? 😄

பழைய கேசட்

ஒரு பத்து இருக்கும். மிச்சமெல்லாம் அதே கேம், வேறு லெவலிலிருந்து தொடங்கும்.

கேப்ரோடு கேமர்

சரி, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு விற்பனையைப் பார்ப்போம்.

பிஎஸ்4-இல் பழைய டிஸ்க் ஒன்றுகூட ஓடாது. விற்றது 11 கோடிக்கு மேல். 2017-இல் வந்த ஸ்விட்ச்சில் அதற்கு முந்தைய நின்டெண்டோ டிஸ்க்கோ கார்டோ எதுவும் போகாது. விற்றது 15 கோடிக்கு மேல். 2012-இல் வந்த நின்டெண்டோவின் வீ யூ, அதற்கு முந்தைய வீ மெஷினின் கேமை எல்லாம் அழகாக ஓட்டியது. விற்றது ஒன்றரைக் கோடிகூட இல்லை. பழசு ஓடுவதுதான் முக்கியம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

சால்டரிங் அண்ணன் சொன்ன பிஎஸ்3 கதையிலும் அதுதான் இருக்கிறது. பழசைத் தூக்கிச் சுமந்ததால் விலை ஏறியது, வெட்டியதும் இறங்கியது. பழைய கேமைத் திரும்பியும் பார்க்காதவனும் அந்தச் சிப்புக்குக் காசு கொடுத்தான். இது என்ன நியாயம்?

குளச்சல் காத்து

நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். கம்பெனிக்கு எது விற்கும் என்பது ஒன்று, வாங்கியவனுக்கு எதில் மதிப்பு என்பது வேறு. நீங்கள் முதலாவதற்குக் கணக்குக் காட்டிவிட்டு இரண்டாவதை முடித்துவிட்டீர்கள்.

இன்னொன்று, 2013-இல் பிஎஸ்4 வந்தபோது எதிரே நின்ற எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் பழைய கேம் ஓடவில்லை. இரண்டு கடையிலும் சரக்கு இல்லாதபோது எந்தக் கடையில் கூட்டம் என்று பார்த்து என்ன தெரிந்துகொள்வது? ஓட்டலாம் என்று எக்ஸ்பாக்ஸ் 2015-இல் மாற்றிக்கொண்டது. 2020-இல் வந்த இரண்டு மெஷினும் பழைய கேமோடுதான் வந்தன. பழசை விட்டுவிட்டு ஜெயித்த அதே நின்டெண்டோ, 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 கொண்டுவந்தபோது பழைய ஸ்விட்ச் கார்டுகளை ஓட்டும்படி வைத்தது. தேவையில்லை என்றால் ஏன் மூன்று பேரும் அதே இடத்துக்கு வந்தார்கள்?

என் சந்தேகத்தைச் சொல்கிறேன். நம்மேல் உள்ள பாசத்தால் இல்லை. இப்போது நிறையப் பேர் அக்கவுண்டில் கேம் வாங்கிக் குவித்திருக்கிறார்கள். அடுத்த மெஷினில் அது ஓடாது என்று தெரிந்தால், அப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனால் என்ன என்று கிளம்பிவிடுவான். ஓடும் என்றால் அங்கேயே இருப்பான். அவர்கள் லாபத்துக்குச் செய்கிறார்கள், நமக்கும் அதில் பிரயோஜனம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ரெண்டு பிள்ளை அம்மா

இங்கே பெண்கள் எழுதலாமா தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அருமனை பக்கம் இருக்கிறோம். நான் கேம் ஆடுவதில்லை, காசு கொடுப்பது நான்.

மூத்தவன் பிளஸ் டூ, இளையவள் ஆறாம் வகுப்பு. வீட்டில் ஒரு டிவி. மூத்தவன் பிஎஸ்5 வேண்டும் என்று நிற்கிறான். பிஎஸ்4-ஐக் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. இளையவள் இப்போதுதான் அண்ணன் எப்போதோ முடித்த கேமையெல்லாம் ஒவ்வொன்றாக ஆரம்பித்திருக்கிறாள். மெஷின் போனால் அவளுடையதும் போய்விடும் என்று அழுகிறாள். ஓடும் என்று இங்கே படித்ததும் அவளிடம் காட்டினேன்.

ஒரு கேள்வி. பழைய கன்ட்ரோலர் இரண்டு இருக்கின்றன. அதையும் பிஎஸ்5-இல் மாட்டலாமா, அதற்கும் புதிதாக வாங்க வேண்டுமா?

சால்டரிங் கம்பி

தாராளமாக எழுதுங்கள் அக்கா, இங்கே நீங்கள் கேட்டதுதான் உருப்படியான கேள்வி.

பிஎஸ்4 கன்ட்ரோலர் பிஎஸ்5-இல் வேலை செய்யும், ஆனால் பிஎஸ்4 கேமுக்கு மட்டும். பிஎஸ்5 கேமுக்கு அதைத் தொட விடாது. உங்கள் மகள் ஆடுவது பிஎஸ்4 கேம் என்பதால் அவளுக்குப் பழையதே போதும். மகன் புதியதை வைத்துக்கொள்ளட்டும். கன்ட்ரோலரைக் கொடுத்துவிடாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் அதற்கு என்ன பெரிதாகத் தரப்போகிறார்கள்?

மெஷினைக் கொடுப்பதற்கு முன்னால் மகளின் சேவ் ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துவையுங்கள். இதை மறந்துவிட்டு வந்து என்னிடம் நிற்பவர்கள் அதிகம், என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

குலசேகரம் மழை

எல்லோரும் பிஎஸ்5-ஐயே பேசுகிறீர்கள். பழசு ஓடுவதுதான் முக்கியம் என்றால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்தான் ராஜா. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கேமிலிருந்து இன்றுவரை நாலு தலைமுறை. எல்லாம் இல்லை, தேர்ந்தெடுத்தவை. 360 கேமில் மட்டும் 600-க்கு மேல் ஓடும். சிலவற்றில் நொடிக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் ரேட்டையும் கூட்டிக் கொடுக்கிறது, கேம் எழுதியவன் கை வைக்காமலே.

குறையும் சொல்லிவிடுகிறேன். 360 டிஸ்க்கைப் போட்டால் அது டிஸ்க்கிலிருந்து ஓடுவதில்லை. "இவனிடம் கேம் இருக்கிறது" என்பதற்கு அத்தாட்சியாக மட்டும் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு, முழு கேமையும் நெட்டிலிருந்து இறக்கும். இந்தப் பக்கம் மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் நெட் வர எத்தனை நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். கையில் டிஸ்க் இருந்தும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். விலை குறைந்த சீரிஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது.

அந்தப் பட்டியலும் இனி வளராது. 2021 நவம்பரில் 76 கேம்களைச் சேர்த்துவிட்டு, உரிமம், சட்டம், தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். கேமுக்குள் வரும் பாட்டுக்கும் கார் பெயருக்கும் உரிமம் வாங்கியவன் பத்து வருஷத்துக்குத்தான் வாங்கியிருப்பான். ஜிடிஏ 4-இல் 2018-இல் ஒரு ரேடியோ சேனலின் பாட்டுகளைக் கழற்றியதே அதற்காகத்தான். டிஸ்க்கில் இருக்கும் பாட்டை வந்து எடுக்க முடியாது, அப்டேட் போடாதவரை.

கேப்ரோடு கேமர்

பழைய கேம் வேண்டும் என்றால் அதையே மெருகேற்றி ரீமாஸ்டர் என்று விடுகிறார்களே, அதை வாங்குங்கள். 4கே-யில் பளிச்சென்று.

குளச்சல் காத்து

2021-இல் ஜிடிஏ மூன்றையும் சேர்த்து ரீமாஸ்டர் வந்ததே, அந்தப் பளிச்சா? கேமுக்குள் மழை பெய்தால் திரையில் வெள்ளைக் கோடு தவிர ஒன்றும் தெரியவில்லை. அதை விற்பதற்காகப் பழைய வெர்ஷன்களைக் கடையிலிருந்தே எடுத்தார்கள். ஊரே காறித் துப்பிய பிறகு கம்ப்யூட்டருக்கு மட்டும் திரும்ப வைத்தார்கள். ஒருதடவை காசு கொடுத்து வாங்கியதை இன்னொரு தடவை வாங்கச் சொல்வதற்கு இது ஒரு நாகரிகமான பெயர், அவ்வளவுதான்.

அதுவும் ஜிடிஏ மாதிரி பெரிய கேமுக்குத்தான் வரும். சோனி இந்தியாவுக்கென்றே பிஎஸ்2-வில் கேம் விட்டது நினைவிருக்கிறதா? 2009-இல் 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது, ஹைதராபாத்தில் செய்தது. அதே வருஷம் 'தேசி அட்டா', அதில் கபடி, கில்லி, பட்டம் எல்லாம் உண்டு. நம் நாட்டில் கன்சோல் கேம் செய்யத் தொடங்கியதற்கு அவைதான் சாட்சி. சுமாரான கேம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவற்றுக்கு யார் ரீமாஸ்டர் போடுவார்கள்? பிஎஸ்5-இல் அந்த டிஸ்க்கைப் போட்டால் துப்பிவிடும். பிஎஸ்2-வின் லென்ஸ் இருக்கும்வரைதான் அவற்றுக்கு உயிர்.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அங்கே 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. அவர்கள் நிலைமையே அது.

திங்கள்சந்தை தம்பி

சால்டரிங் அண்ணே, டப்பாவை இறக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி டிஸ்க்கின் அடிப்பக்கம் ஒரு மாதிரி ஊதா நிறம், மேலே மார்க்கரில் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்றிரண்டு நல்ல வெள்ளி நிறம், படம் அச்சடித்தவை. ஒன்று மட்டும் அடிப்பக்கம் நீலம். அண்ணன் கையெழுத்தில் 'கிரிக்கெட் நல்லது' என்று எழுதிய ஊதா டிஸ்க் ஒன்றும் இருக்கிறது.

சால்டரிங் கம்பி

நினைத்தேன்.

ஊதா எல்லாம் காப்பி, வெறும் டிவிடியில் எரித்தது. வெள்ளி ஒரிஜினல் டிவிடி. நீலமும் ஒரிஜினல்தான், பிஎஸ்2-வில் சிடியில் வந்த சின்ன கேம்கள் அந்த நிறம். அடிப்பக்கம் கறுப்பாக ஒன்று கிடைத்தால் அது பிஎஸ்1.

இங்கே யாரும் தொடாத விஷயம் இது. நம்ம மாவட்டத்தில் பிஎஸ்2 வைத்திருந்தவர்களில் ஒரிஜினல் டிஸ்க் வாங்கியவர்கள் எத்தனை பேர்? மெஷின் வாங்கிய அன்றே, காப்பி டிஸ்க்கும் ஓடும்படி சிப் அடிக்கக் கொண்டுவருவார்கள். எங்கள் கடையில் அந்தக் காலத்தில் பாதி வரும்படி அதில்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஊதா டிஸ்க்குகள் சிப் அடித்த மெஷினில் மட்டும்தான் ஓடும். பிஎஸ்2 சிப் முழுதாக உள்ளே இருந்த முதல் பிஎஸ்3-யில் போட்டிருந்தாலும் ஓடியிருக்காது. அதனால் "சோனி என் பழைய கேமைக் கொன்றுவிட்டான்" என்று நம்மில் பாதிப் பேர் சொல்வதில் அர்த்தம் இல்லை. அது நம் கேமாகவே இருந்ததில்லை.

பிஎஸ்4-இல்தான் நிலைமை மாறியது. காப்பி டிஸ்க் போட்டு ஓட்ட வழியில்லை, ஒரிஜினல் வாங்கியே ஆக வேண்டும். விலை அதிகம் என்பதால் நாலு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி ஆடப் பழகினார்கள், முடித்ததை விற்றார்கள். இப்போதுதான் பழைய டிஸ்க்குக்கு நம்மிடையே ஒரு நியாயமான விலை இருக்கிறது. அதைப் புது மெஷின் மதிக்கிறதா இல்லையா என்பது இப்போதுதான் நம் பிரச்சினை ஆகியிருக்கிறது. கேப்ரோடு தம்பி சொன்ன ஒன்றரை சதவீதத்தை நான் இங்கே பொருத்தாததும் அதனால்தான். பிஎஸ்5 வாங்கிப் போகிறவர்கள் கையோடு எடுத்துப்போவது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 டிஸ்க்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிஎஸ்2-வில் லென்ஸ் போனால் லென்ஸை மாற்றி, ஸ்க்ரூவைத் திருகி, அரை மணியில் கொடுத்துவிடுவேன். பிஎஸ்5-இல் டிரைவின் போர்டு மதர்போர்டோடு ஜோடி சேர்ந்தது. வேறு மெஷினின் டிரைவைத் தூக்கி மாட்டினால் டிஸ்க்கைப் படிக்காது. ஸ்லிம்மில் டிரைவைக் கழற்றி மாட்டலாம், ஆனால் முதல் தடவை நெட்டில் போய்ச் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்யும். கடற்கரைக்காரர்கள், முக்கியமாகக் குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள், மெஷினை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். உப்புக்காற்று பட்டு உள்ளே பச்சை பூத்து வரும் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். டிரைவைக் காப்பாற்றினால்தான் டிஸ்க்குக்கு மதிப்பு.

குலசேகரம் மழை

கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கம்ப்யூட்டரில் எமுலேட்டர், அதாவது பழைய மெஷின் மாதிரி நடிக்கும் மென்பொருள், போட்டால் அந்த வெள்ளி டிஸ்க் ஓடாதா?

சால்டரிங் கம்பி

ஓடும், டிவிடி டிரைவ் இருக்கும் கம்ப்யூட்டர் கிடைத்தால். பிஎஸ்2-வுக்கு நல்ல எமுலேட்டர் உண்டு. பிஎஸ்3-க்கும் 2011 முதல் ஒரு குழு ஆர்பிசிஎஸ்3 என்று செய்துவருகிறது, அந்தச் செல் சிப்பையே மென்பொருளில் நடிக்க வைக்கிறார்கள். ஆனால் நல்ல ப்ராசஸர் வேண்டும், அந்தக் காசுக்கு இன்னொரு பிஎஸ்5 வந்துவிடும்.

திங்கள்சந்தை தம்பி

முடிவு பண்ணிவிட்டேன். டிஸ்க் மாடல்தான். பிஎஸ்2-வைத் தூக்கிப் போடப்போவதில்லை, அண்ணன் லீவில் வரும்போது இரண்டு பேரும் ஆடலாம். ஆனால் டிரே பாதி திறந்து நின்றுவிடுகிறது. செட்டிகுளம் பக்கம் கொண்டுவந்தால் பார்ப்பீர்களா அண்ணே?

சால்டரிங் கம்பி

கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம். ஞாயிறு மட்டும் வராதீர்கள்.

கேப்ரோடு கேமர்

எல்லோரும் என்னை வில்லன் ஆக்கிவிட்டீர்கள். நான் டிஜிட்டல்தான் எடுக்கப்போகிறேன், வீட்டில் டிஸ்க் அடுக்க இடமில்லை. என்னிடம் பிஎஸ்4 டிஸ்க் பன்னிரண்டு இருக்கின்றன, பெட்டியோடு. யாருக்காவது வேண்டுமா?

ரெண்டு பிள்ளை அம்மா

சின்னப் பிள்ளை ஆடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா தம்பி?

குளச்சல் காத்து

ஃபோட்டோ போடுங்கள். அடிப்பக்கமும் தெரிய வேண்டும். கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மார்த்தாண்டம் பாலம்

எனக்கு ஃபுட்பால் இருந்தால் எடுத்து வையுங்க மக்கா, சனிக்கிழமை மணிமேடை பக்கம் வருவேன்.

கேப்ரோடு கேமர்

ஃபுட்பால் இரண்டு இருக்கிறது. அக்காவுக்கு ஒரு ரேஸ் கேமும் லெகோ ஒன்றும் இருக்கிறது, அதைத் தனியாக எடுத்து வைக்கிறேன். மொத்தமாக எடுத்தால் விலை வேறு, தனித்தனியாக எடுத்தால் வேறு. சும்மா கொடுக்க மாட்டேன்.